தொட்டியில ஆப்பிரிக்கா, வாய்க்கால்ல அதோட பங்காளி

என்ன பேராண்டி, மீனுக்கு ஏசி போட்டிருக்கியாமே? ஊரெல்லாம் அதே பேச்சு. சித்திரை வெயில்ல ஒங்க அப்பத்தா திண்ணையில பனை விசிறியோட கெடக்கு. உள் ரூம்புல ஒரு மீனு குளுகுளுன்னு இருக்கு. நல்ல ஞாயம்தான்.

மூஞ்சியைத் திருப்பாத. கெழவன் வாயி அப்படித்தான். ஒனக்கு மட்டுமா சொல்றேன்? தஞ்சாவூரு, கும்மோணம், மன்னார்குடின்னு ஒன் வயசுப் பயலுவ எத்தனை பேரு கண்ணாடித் தொட்டியும் கையுமா இருக்கானுவ. எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்றேன். காதுல வாங்குறதும் வடிகால்ல வுடுறதும் ஒங்க இஷ்டம்.

மொதல்ல ஒன் மீனு. பேரு பிரண்டோசா. ஆப்பிரிக்கக்காரன். சிக்லிட்டுன்னு ஒரு பெரிய வம்சம், அதுல இதுவும் ஒரு பெரிய தலை. வெளுத்த நீலத்துல ஒடம்பு, அதுல கறுப்புப் பட்டை ஆறோ ஏழோ. வளந்தா ஒரு அடிக்குக் கொறையாது. நெத்தியில மேடு பொடைச்சுக்கிட்டு நிக்கும். அந்தக் காலத்துப் பண்ணை வீட்டுக் காரியக்காரர் களத்துல நடப்பாரே, அதே நடை. அவசரமே கெடையாது. ஒத்துக்குறேன், பாக்க லெட்சணம்தான். அதுல எனக்குச் சண்டை இல்ல.

"இது டாங்கனிக்கா ஏரி மீனு தாத்தா"ன்னு சொல்றப்ப ஒன் மூஞ்சியில ஒரு பவுசு வருது பாரு, சண்டை அங்கதான்.

டாங்கனிக்கா லேசுப்பட்ட ஏரியா? 670 கிலோமீட்டர் நீளம். நம்ம காவிரி குடகுல பொறந்து பூம்புகார்ல கடல்ல விழுற வரைக்கும் மொத்தமே 800 கிலோமீட்டர்தான். ஆழம் 1,470 மீட்டர். மேட்டூர் அணை நெறைஞ்சா 120 அடின்னு பேப்பர்ல பெரிய எழுத்துல போடுவான்ல? அப்படி நாப்பது மேட்டூரை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாத்தான் அந்த ஏரியோட அடி மட்டும். புருண்டி, காங்கோ, டான்சானியா, சாம்பியான்னு நாலு நாடு சுத்தி ஒக்காந்து பங்கு வச்சிருக்கு. நம்ம காவிரிக்கும் நாலு பங்காளிதான். கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி. அதுக்கே 1990-ல நடுவர் மன்றம் போட்டு, 2007-ல தீர்ப்பு எழுதி, 2018-ல சுப்ரீம் கோர்ட்டு அதையும் திருத்தி, இன்னமும் வருசா வருசம் பஞ்சாயத்து ஓயல.

அம்மாம் பெரிய ஏரியில பொழங்குன வம்சத்தைக் கொண்டாந்து நீ எங்க வச்சிருக்க? அஞ்சடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி ஒசரம். கூட்டிப் பெருக்கினா 560 லிட்டரு சொச்சம். தண்ணி கனமே ஒம்பது மூட்டை நெல்லு இருக்கும். அதை ஒங்க தாத்தன் கட்டுன வீட்டு மெத்தையில ஏத்தி வச்சிருக்க. மேல மீனு பத்திரமா இருக்கு. கீழ படுக்குறவன்தான் உத்தரத்தைப் பாத்துக்கிட்டே தூங்குறான்.

கேட்டா, "அது ஊரைப் போலவே செட்டப் பண்ணியிருக்கேன்"ங்குற. என்னத்தைப் பண்ணின? வெளிச்சம் மங்குற ஆழத்துல, பாறை ஓரமா அமைதியா கெடக்குற சாதி அது. நீ அதுக்கு மேல நீலமும் செவப்புமா லைட்டுப் போட்டிருக்க. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போடுறவன் கூட விடிஞ்சா அணைச்சுடுவான்.

கல்லைக் காசு குடுத்து வாங்கினியாம், அதுவும் தபால்ல. சரி, நம்ம வண்டல் சீமையில கல்லு கெடைக்காதுங்குறது வாஸ்தவம். ராசராசனே பெரிய கோயிலுக்கு வெளியிலேருந்துதான் கல்லு கொண்டாந்தான். 1010-ல குடமுழுக்கு ஆச்சு. அவன் கல்லுல கோயில் நிக்குது. ஒன் கல்லுல பாசி நிக்குது.

அப்பறம் அந்தத் தண்ணி சமாச்சாரம். டாங்கனிக்கா தண்ணி கொஞ்சம் காரத் தண்ணி, உப்பு நெறைஞ்ச கடினத் தண்ணி. அதனால நீ காவிரித் தண்ணியில சோடா உப்பைப் போடுற, இன்னும் என்னென்னமோ பொடியைப் போடுற, ஒரு மானியை வுட்டு வுட்டு அளக்குற. காரம் எட்டரைக்குக் கொறைஞ்சா ஒனக்கு மூஞ்சி வாடிப் போவுது. பரீட்சையில கொறைஞ்சப்ப வாடலை. இங்க ஒரு வேடிக்கை பாரு. வேதாரண்யத்துப் பக்கம், நாகப்பட்டினத்துப் பக்கம் கடல் தண்ணி உள்ள ஏறி, போரெல்லாம் உப்பாச்சு, நெலமெல்லாம் உப்பாச்சுன்னு சம்சாரி தலையில கை வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான். நீ நல்ல தண்ணியில காசு குடுத்து உப்பு வாங்கிக் கரைக்குற. 1930-ல ராஜாஜி திருச்சியிலேருந்து நடந்தே வந்து வேதாரண்யத்துல உப்பு எடுத்தாரு, வெள்ளைக்காரன் புடிச்சு உள்ள போட்டான். ஒன்னை யாரு புடிக்கிறது?

வாரா வாரம் மூணுல ஒரு பங்கு தண்ணியை மாத்தணுமாமே? நூத்தெம்பது லிட்டரு. ஜூன் 12-ல மேட்டூர் தொறந்தாங்களா இல்லையா, கல்லணைக்கு வந்துச்சா, வெண்ணாத்துல எவ்வளவு, புதாத்துல எவ்வளவுன்னு கடைமடைக்காரன் மதகையே பாத்துக்கிட்டு நிக்கிறான். ஒனக்கு முறை வைக்கவே வேணாம். குழாயைத் தொறந்தா வருது. பொழைச்சுப் போ.

கரண்டு போனா என்ன செய்வ? சிரிக்காத. 2018 நவம்பர் 16, கஜா புயல் வேதாரண்யத்துப் பக்கம் கரையேறுன ராத்திரி ஞாபகம் இருக்கா? தென்னையெல்லாம் வரிசை வரிசையா சாஞ்சுது. போஸ்ட்டு மரம் ஒண்ணு நிக்கலை. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் எத்தனையோ ஊருல வாரக் கணக்குல இருட்டு. செல்போன்ல சார்ஜ் ஏத்த டிராக்டர் பேட்டரியைத் தேடுனோம். அப்படி ஒரு நாளு வந்தா, ஒன் தொட்டிக்கு யாரு காத்து ஊதுவா? நீயா, நானா? குளத்து மீனுக்கு அன்னிக்கும் காத்து இருந்துச்சு, பேராண்டி. பில்லும் வரலை.

இப்பத்தான் முக்கியமான சங்கதிக்கு வர்றேன். காதைக் கிட்ட கொண்டா.

ஆப்பிரிக்கா சிக்லிட்டு, ஆப்பிரிக்கா சிக்லிட்டுன்னு பீத்திக்குறியே, அந்த வம்சத்துப் பங்காளி ஒருத்தன் நம்ம வாய்க்கால்ல எழுவது வருசமா குடியிருக்கான், தெரியுமா? ரேஷன் கார்டு ஒண்ணுதான் இல்ல. ஒங்க ஆத்தா போன வாரம் அவனைத்தான் மஞ்சளும் மொளவாத்தூளும் தடவி வறுத்து வச்சா. நீ ரெண்டு துண்டு தின்னுட்டு, கையைக் கழுவிக்கிட்டுப் போயி பிரண்டோசாவுக்கு இறால் தீனி போட்டே.

ஆமாங்குறேன். ஜிலேபிதான்.

முழிக்காத. ஜிலேபி, திலேப்பியா, எப்படிக் கூப்புட்டாலும் அவனும் சிக்லிட்டுதான். சொந்த ஊரு ஆப்பிரிக்காவுல தென்கெழக்கே, மொசாம்பிக் பக்கம். 1852-ல பீட்டர்ஸ்னு ஒரு ஜெர்மன்காரன் அவனுக்குச் சாத்திரப் பேரு எழுதினான். அப்பறம் 1930-கள்ல ஜாவாத் தீவுல ஒரு ஆத்து முகத்துல தலை காட்டினான். ஆப்பிரிக்காவுலேருந்து அங்க எப்படிப் போனான்னு எவனுக்கும் வெளங்கலை. முஜாயிர்னு ஒரு ஜாவாக்காரரு அவனைப் புடிச்சு, நல்ல தண்ணியில பழக்கி, குளத்துல வளத்தாரு. இன்னிக்கும் இந்தோனேசியாவுல அந்த மீனுக்கு அவரு பேருதான். அங்கேருந்து ஊரு ஊராப் பரவினான். 1952-ல இந்தியாவுக்கும் வந்து சேந்தான்.

வந்தப்ப அவனுக்கு இருந்த மவுசைச் சொன்னா நம்ப மாட்ட. அதிசய மீனு! போட்டா போதும், பெருகும்! ஏழை சனத்துக்குப் பஞ்சமே இருக்காது! குளம் குளமா வுட்டாங்க. அவனும் சொன்ன சொல்லைக் காப்பாத்தினான். கொஞ்சம் கூடவே காப்பாத்திட்டான். ரெண்டு மூணு மாசத்துலேயே, உள்ளங்கை நீளம் வர்றதுக்குள்ள குடும்பஸ்தன் ஆயிடுவான். குளம் பூராவும் புள்ளை. தீனி ஒருத்தனுக்கும் பத்தாது. எல்லாம் சின்னச் சின்னதா, முள்ளும் செதிலுமா நின்னு போச்சு. குத்தகை எடுத்தவன் கெண்டை போட்டுட்டு வலை வீசுனா ஜிலேபி ஜிலேபியா வந்துச்சு. 1959-லேயே, இனிமே இதை எங்கயும் கொண்டு போயி வுடாதீங்கன்னு மத்திய மீன் ஆராய்ச்சிக் கமிட்டி சொல்லிப்புடுச்சு. ஏழே வருசம். மாலை போட்டுக் கூட்டியாந்த மாப்பிள்ளைக்கு ஏழு வருசத்துல கதவடைப்பு. ஆனா மாப்பிள்ளை போவலையே! குளத்துல இருந்தான், குட்டையில இருந்தான், சாக்கடை ஓரம் இருந்தான், உப்பனாத்துலயும் இருந்தான். நல்ல தண்ணியோ, உப்புத் தண்ணியோ, அவனுக்கு எல்லாம் ஒண்ணு. மானியை வுட்டு எவனும் அளக்கலை.

அவன் செய்யாத எதை ஒன் பிரண்டோசா செய்யுது, சொல்லு. "எங்க மீனு முட்டையை வாயில வச்சு அடை காக்கும் தாத்தா"ன்னு கண்ணு விரிய விரியச் சொன்னியே. ஜிலேபியும் அதையேதான் செய்யுறா. ஆம்பளை அடி மண்ணைப் பறிச்சுக் குழி போடுவான். வைகாசியில குளம் வத்துனதும் எறங்கிப் பாரு, வட்ட வட்டமா அந்தக் குழியெல்லாம் தெரியும். பொட்டை முட்டையைப் போட்டு, வாயில அள்ளிக்கிட்டுப் போயிடுவா. குஞ்சு தனியா நீந்துற வரைக்கும் வாயைக் கெட்டியா மூடிக்கிட்டு, பெரும்பாலும் பட்டினிதான். வெளியில வந்த குஞ்சுவ ஒரு நெழல் ஆடுனா திரும்ப ஆத்தா வாய்க்குள்ள ஓடிப் பூந்துக்கும். நம்ம தெருப் படித்துறையில ஒக்காந்து நூறு தடவை பாத்திருக்கேன். டிக்கெட்டு இல்ல. நீயும்தான் அதே படித்துறையில ஒக்காந்த. செல்போனைப் பாத்துக்கிட்டு.

உள்ளூரு மாடு வெலை போவாதுன்னு சும்மாவா சொன்னான்? இவன் வந்து எழுவது வருசம் ஆச்சு, உள்ளூரு ஆயிட்டான். வெலை எறங்கிப் போச்சு. இவன் பங்காளி விமானத்துல வந்தான், பெட்டியில வந்தான், கொளத்தூர்க் கடையில தமிழு தெரியாத பேரோட நின்னான். வெலை ஏறிப் போச்சு. நீ மீனுக்கா காசு குடுத்த? தூரத்துக்குக் குடுத்த.

ஜிலேபியை இப்படி எளக்காரமா பாக்குறது நம்ம ஊரு வழக்கம். எகிப்துக்காரன் நைல் ஆத்து ஜிலேபியைக் கல்லறைச் சொவத்துல சித்திரமா எழுதி வச்சான். வேளாங்கண்ணிக்குப் போறவங்களைக் கேட்டுப் பாரு, பேதுரு தூண்டி போட்டு வாயில காசோட ஒரு மீனைப் புடிச்ச கதையைச் சொல்லுவாங்க. கலிலேயாக் கடல் ஓரத்துல இன்னிக்குப் பேதுரு மீனுன்னு பொரிச்சு வைக்கிறது ஜிலேபி வம்சத்துல ஒண்ணைத்தான். இலங்கையில குளத்து மீனுன்னாலே சனங்களுக்கு முக்காவாசி இவன்தான். நம்ம அமராவதி அணைப் பக்கம் போனா இவனுக்காகவே வண்டியை நிறுத்துறானுவ. நைல் சாதியில நல்லதாப் பொறுக்கிப் பொறுக்கி வளத்து, 'கிஃப்ட்'டுன்னு ஒரு ரகம் ஆக்கி, அனுமதி வாங்கிப் பண்ணையில வளருங்கன்னு சர்க்காரே இப்பச் சொல்லுது. வாயில போற மீனுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஒன் மீனு எந்தக் கணக்குல?

சரி, ஒரு எடத்துல ஒனக்கு நான் தலை ஆட்டுறேன். அன்னிக்கு இன்னொரு மீனைப் பத்திச் சொன்ன. அதே டாங்கனிக்காவுல கெடக்குற பேரரசு மீனு. போலஞ்ஜெரோகுரோமிஸாம். பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள குறுவை அறுத்துப்புடலாம். சிக்லிட்டு வம்சத்துலயே அதுதான் பெருசு, ரெண்டடிக்கு மேல போவும். ஆணும் பொண்ணும் சேந்து ஆயிரக் கணக்குல முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிக்கும். அந்தக் காவல்ல எரை எடுக்காது. ஒடம்பு உருகிப் போவும். வாழ்நாள்ல ஒரே ஒரு தடவைதான் அந்தப் பிரசவம், அதோட ரெண்டும் செத்துப் போவும்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்கன்னு சொன்ன. அதைக் கேட்டப்ப எனக்கும் ஒரு நிமிசம் பேச்சு வரலை. அது மீனுக்கு உண்டான மரியாதை. ஒன் தொட்டிக்கு உண்டானது இல்ல. அதை வாங்கணும்னு நீ ஆசைப்பட்டியே, அங்கதான் மரியாதை போச்சு. ரெண்டடி மீனு அஞ்சடித் தொட்டியில எத்தனை தடவை திரும்பும்? ஒரு தடவை திரும்பினா தலை, மறு தடவை திரும்பினா வாலு.

பெத்தவங்க காவல் காக்குறதைப் பாக்கணும்னா நம்ம விராலைப் பாரு. ஐப்பசி மழைக்கு அப்பறம் வயக்காட்டுத் தண்ணியில செவப்பா ஒரு குஞ்சுக் கூட்டம் பொங்கிப் பொங்கி எழும்பும். கீழ ஆத்தாளும் அப்பனும் நிக்கும். காலை உள்ள வச்சுப் பாரு, வந்து முட்டும். குஞ்சோட இருக்குற விராலை அடிக்காதடான்னு எங்க பெரியவங்க சொல்லி வச்சிருந்தாங்க. தடுக்கு வலையும் கரண்டுக் கம்பியும் கொண்டு வந்தவனுவளுக்கு அது ஏறுமா?

நம்ம மீனைப் பாத்து வெள்ளைக்காரன் வாயைப் பொளந்த கதை தெரியுமா ஒனக்கு? தரங்கம்பாடி டென்மார்க்குக்காரன் கையில இருந்த காலம். 1791-ல டால்டார்ஃபுன்னு ஒரு டேனிஷ் அதிகாரி, குளத்தோரத்துப் பனை மரத்துல ஒரு மீனு செவுளை ஊனி ஊனி மேல ஏறுறதைப் பாத்தேன்னு எழுதி வச்சான். அந்தச் சேதி 1797-ல லண்டன் லின்னேயன் சங்கம் வரைக்கும் போச்சு. ஏறுமா, ஏறாதான்னு படிச்சவனெல்லாம் காலம் காலமா அடிச்சுக்கிட்டானுவ. நம்ம பனையேறிக் கெண்டை! மழை பேஞ்சா வரப்புத் தாண்டி நடந்து போவுமே, அதுதான். அதே தரங்கம்பாடியில ஜான்னு ஒரு பாதிரியாரு, இந்தக் கரையில ஆப்புட்ட மீனையெல்லாம் பெர்லின்ல இருந்த பிளாக்குங்குற வைத்தியருக்கு அனுப்பி அனுப்பி வச்சாரு. அவரு அதையெல்லாம் படம் போட்டுப் புத்தகம் ஆக்கினாரு. அங்க இருக்குறவனுக்கு இஞ்ச இருக்குறது அதிசயம். இஞ்ச இருக்குற ஒனக்கு அங்க இருக்குறது அதிசயம். நடுவுல கப்பல்காரனுக்குத்தான் லாபம்.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அவனுவ பாத்தானுவ, எழுதினானுவ, வரைஞ்சானுவ. நீ என்ன எழுதின? பிரண்டோசா மூஞ்சியை போட்டோ புடிச்சு எத்தனை பேரு லைக் போட்டான்னு எண்ணுற.

சிக்லிட்டுதான் வேணும்னு ஒத்தக் காலுல நின்னா, நம்ம வீட்டுலயே மூணு சாதி இருக்கு, தெரியுமா? இந்த வம்சம் ஆப்பிரிக்கா, அமெரிக்கா, மடகாஸ்கர், நம்ம தென்னாடு, இலங்கைன்னு செதறிக் கெடக்கு. பூமியெல்லாம் ஒரு காலத்துல ஒட்டிக் கெடந்து, பாகம் பிரிஞ்சப்ப ஆளுக்கொரு பக்கமா வந்துடுச்சுன்னு ஒரு கட்சி. கடல் தாண்டி வந்துச்சுன்னு இன்னொரு கட்சி. எப்படி வந்தா என்ன, வந்து நம்ம கழிமுகத்துல ஒக்காந்துடுச்சு. மூணுல ரெண்டை மட்டும் சொல்றேன். ஒண்ணு, கேரளத்துக்காரன் கரிமீனுன்னு வாழை எலையில சுட்டுத் திங்கிறானே, அது. 2010-ல மாநில மீனுன்னே அறிவிச்சுட்டான். இன்னொண்ணு, கட்டை வெரல் நீளத்துல மஞ்சளா, பொட்டு வச்சாப்புல ஒரு மீனு. அது குஞ்சு பெத்தவங்க ஒடம்புல ஊறுற வழவழப்பைக் கொத்திக் கொத்தித் தின்னு வளரும். பெரியவனான கரிமீனு ஒடம்புல இருக்குற அழுக்கையும் அதுவே பொறுக்கிக் குடுக்கும். சீமைக்காரன் இந்த மஞ்சள் மீனைக் காசு குடுத்து வாங்கி, தொட்டியில போட்டு, "இந்தியா சிக்லிட்டு"ன்னு பீத்திக்குறான். அவனுக்கும் ஒரு தாத்தன் இருந்து, கேலி பண்ணிக்கிட்டுதான் இருப்பான்.

அப்ப மீனே வளக்கக் கூடாதாங்குற? நான் எப்ப அப்படிச் சொன்னேன்? வளக்குறவன் சாராயக் கடைக்குப் போறதில்ல, சீட்டு ஆடுறதில்ல. உசுரு ஒண்ணைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கான். அதுவரைக்கும் நல்லதுதான். வாஸ்துக்குன்னு நெத்தி வீங்குன கலப்பு மீனை வாங்கி வச்சு, அது அதிர்ஷ்டம் கொண்டாரும்னு காத்துக்கிட்டு இருக்குறவனுக்கு நீ எவ்வளவோ தேவலை. அதிர்ஷ்டம் வர்ற வழி மீனுக்குத் தெரிஞ்சிருந்தா அது ஏன் தொட்டியில கெடக்குது?

நான் சொல்றது வேற. கேட்டுக்க.

பகட்டுக்கு வாங்குன மீனு ஒரு நாளு சலிக்கும். சலிச்சா மனுசன் என்ன செய்வான்? கொல்ல மனசு வராது. விக்கவும் முடியாது. ராத்திரி வாளியில எடுத்துக்கிட்டு வந்து வாய்க்கால்ல வுடுவான். புண்ணியம் பண்ணிட்டேன்னு நெனைப்பான். அதுதாண்டா பாவம். தொட்டியைச் சுத்தம் பண்ணும்னு வாங்குனானுவளே, உறிஞ்சு வாய்க்காரன், டேங்க் கிளீனரு, அது இன்னிக்குத் தமிழ்நாட்டு ஏரி குளத்துல எத்தனை எடத்துல வலையைக் கிழிக்குது? ஓடு கட்டுன ஒடம்பு. திங்கவும் ஆவாது, வலையிலேருந்து எடுக்கவும் வராது. எவன் வுட்டான்? ஒன்னையப் போல ஒரு எரக்கக்காரன்தான் வுட்டான். ஆப்பிரிக்கக் கெளுத்தியை நாடே தடை பண்ணிச்சு. திருட்டுத்தனமா வளத்தானுவ, வெள்ளத்துல கரை ஒடைஞ்சு ஆத்துக்குப் போச்சு. சின்ன மீனு ஒண்ணை வுடாது. ஜிலேபியைச் சர்க்காரே குளத்துல வுட்டது. ஏழு வருசத்துல வேணாம்னுச்சு. எழுவது வருசமாச்சு, திரும்ப அழைக்க முடிஞ்சுதா? தண்ணியில வுட்டது வுட்டதுதான். காவிரியில போட்ட காசைக் கூட முங்கி எடுத்துடலாம், மீனை எடுக்க முடியாது.

அயிரை எங்க போச்சு, ஆரா எங்க போச்சு, குரவை எங்க போச்சுன்னு நாங்க இப்பவே தேடிக்கிட்டு இருக்கோம். மருந்தடிச்சதுல பாதி போச்சு. மணலு அள்ளுனதுல பாதி போச்சு. மிச்சம் இருக்குற ஒண்ணு ரெண்டு வாய்க்கும் ஒன் டாங்கனிக்காக்காரனைக் கொண்டாந்து வுடாத.

அதனால புதுசா வாங்கக் கடை ஏறுறதுக்கு முன்னாடி கடைக்காரன்ட்ட வெலையைக் கேக்காத, வயசைக் கேளு. அவன் சொல்ல மாட்டான், நான் சொல்றேன். நல்லா வச்சிருந்தா பிரண்டோசா இருவது வருசம் கூட இருக்கும். கணக்குப் போட்டுப் பாரு. ஒனக்குக் கல்யாணம் ஆவும். புள்ளை பொறக்கும். அது பள்ளிக்கூடம் போவும். நீ வேலைக்குன்னு மெட்ராஸோ துபாயோ போவ. அத்தனைக்கும் அது அஞ்சடித் தொட்டியில அதே நடையோட நடந்துக்கிட்டு இருக்கும். ஒன் ஆசைக்கு ஆயுசு ரெண்டு வருசம்னு ஒங்க அப்பத்தா சொல்லுது. போன ஆசைக்கு வாங்குன கிதாரு பரண்ல கெடக்குறதையும் சொல்லுச்சு. கிதாரு பட்டினி கெடக்கும். மீனு கெடக்குமா?

ரெண்டு போவ மிச்சம் பதினெட்டு வருசம். வாரம் நூத்தெம்பது லிட்டரு தண்ணி. யாரு மாத்துறதுன்னு ஒரு பத்திரத்துல எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கிட்டு அப்பறம் கடைக்குப் போ. என் பேரை மட்டும் அதுல எழுதாத. நான் ஜிலேபி திங்கிற ஆளு. நம்பி எப்படி ஒப்படைப்ப?